பின் சீட்டின் நீளம்

கார் பார்க்கப் போன இடத்திலெல்லாம் தெரசம்மாள் முதலில் செருப்பைக் கழற்றினாள். பிறகு பின் கதவைத் திறந்து, சீட்டில் ஏறி, மல்லாந்து படுத்தாள்.

சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டகை போட்டுப் பழைய வண்டி விற்றுக்கொண்டிருந்த மாதேஸ்வரன், இருபது வருஷத் தரகில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. பானெட்டைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. டயரை உதைக்கிறவர்கள் உண்டு. நம்பரைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நடையைக் கட்டுகிறவர்களும் உண்டு. படுக்கிறவர் இல்லை.

அவளுடைய கணவர் லாசரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "ஏனுங்க, அம்மணிக்கு ஒடம்புக்கு முடியலீங்களா? சோடா வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. நீங்க வண்டியப் பத்திச் சொல்லுங்க" என்றார் லாசர். காரின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஃபியட்டுங்க. எழுவத்தேழு மாடல். ஒரே டாக்டர் கைப்பட்ட வண்டி."

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "டாக்டரு முன்னால உக்காந்து ஓட்டியிருப்பாரு. பின்னால யாராச்சும் படுத்தாங்களான்னு கேளுங்க."

அவளுடைய இரண்டு பாதமும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெரசம்மாள் உயரமானவள் அல்ல.

இது 1985 ஏப்ரலில். தெரசம்மாளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சேர்வராயன் மலையில் வெள்ளக்கடையைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட். அதன் ஆஸ்பத்திரியில் அவள் மிட்வைஃப். ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறை, நான்கு கட்டில், ஒரு கம்பவுண்டர். எல்லோருக்கும் அவள் நர்சம்மா. பத்தொன்பது வருஷத்தில் அவள் கையில் விழுந்த குழந்தைகள் அறுநூறுக்கு மேல். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பையன் மரத்தில் ஏறினாலும், கீழே நின்று அவன் பிறந்த கிழமையைச் சொல்லித் திட்டுவாள்.

1993 மார்ச்சில் இறந்தாள். வீட்டில், தன் கட்டிலில், காலை ஜெபம் முடிந்த கையோடு. வண்டி எடுக்க நேரமில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொல்ல மனம் வராது.

கஷ்டமான பிரசவம் என்றால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து எண்ணினால் முதல் வளைவு கீழே, இருபதாவது மேலே. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். எஸ்டேட் ஜீப்பை லாசர் ஓட்டுவார். பின்னால் தெரசம்மாள் இருப்பாள், இரண்டு கையும் கர்ப்பிணியின் மேல். கடிகாரம் பார்க்கக் கை ஒழியாது. இருட்டில் முள்ளும் தெரியாது. ஆனால் வளைவு வந்தால் பார்க்காமலே தெரியும். உடம்பு ஒரு பக்கம் சாயும். அதனால் அவள் வலியை வளைவால் எண்ணப் பழகிக்கொண்டாள்.

இரண்டு வளைவுக்கு ஒரு வலி என்றால் போகலாம், சேலம் பிடித்துவிடலாம். வளைவுக்கு ஒரு வலி என்றால் ஓரங்கட்டச் சொல்ல வேண்டும்; பிள்ளை வழியில்தான் பிறக்கும். சில வளைவுகள் அடுத்தடுத்து வரும், சில தள்ளி வரும். அதற்கும் கழிக்க வேண்டியதைக் கழித்து, கூட்ட வேண்டியதைக் கூட்டி வைத்திருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கணக்கு ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

குறை ஜீப்பில் இருந்தது. பின்னால் எதிரெதிராக இரண்டு ஒடுங்கிய பலகை, நடுவில் ஸ்டெப்னி. படுக்க இடமில்லை. 82 மழைக்காலத்தில் வேலம்மாள் என்று காப்பிப் பழம் பறிக்கிற பெண் இருபது வளைவையும் உட்கார்ந்தே இறங்கினாள். அடிவாரம் வந்தபோது வயிற்றில் துடிப்பு இல்லை. படுக்க வைத்திருந்தால் பிள்ளை தங்கியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. தெரசம்மாளும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரோட்டில் எந்தக் கார் போனாலும் அவள் கண் பின் சீட்டுக்குத்தான் போனது.

85 தொடக்கத்தில் எஸ்டேட் கை மாறியது. புது முதலாளி தன் டிரைவரோடு வந்தார். ஜீப்பை விற்றார். லாசருக்குக் கணக்கு முடித்தார்கள். அந்தப் பணத்துக்குப் பழைய கார் ஒன்று வரும். அதை ஏற்காட்டில் டாக்சியாக ஓட்டிப் பிழைக்கலாம். பிரசவத்துக்கும் இனி அதே வண்டிதான். அந்தப் பக்கம் வேறு வண்டி கிடையாது. பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை வரும், பனி இறங்கினால் அதுவும் வராது. ஆக, வாங்கப்போவது ஒரு கார். அதில் ஒரு பொம்பளை படுத்துக்கொண்டு சேலம் போய்ச் சேர முடியுமா முடியாதா என்பதுதான் தெரசம்மாளுக்குக் கேள்வி.

லாசருக்கு ஃபியட் என்றால் உசிர். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிய மனிதர். ஏரிக்கரையில் ஃபியட் ஒன்று நின்றால் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

"பெட்ரோல் கம்மியா குடிக்கும் புள்ள. வளைவுல எலி மாதிரி திரும்பும். கல்யாணம் ஆன கையோட சோடி போட்டுக்கிட்டு வர்றவங்க ஃபியட்டத்தான் கை காட்டுவாங்க. அம்பாசிடர்ல ஏறுனா அப்பன் ஆத்தாளோட வந்தாப்ல இருக்குமாமா."

"அந்தச் சோடிதாங்க பத்து மாசங்கழிச்சு என்கிட்ட வரும்" என்றாள் தெரசம்மாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் செங்கோடன், வண்டி நம்பர் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது, வந்தால் வீட்டுக்கு ஆகாது என்றார். வேதக்கார வீட்டுக்கு எட்டு என்ன செய்யும் என்று லாசர் கேட்டதற்கு, "எட்டுக்கு அதெல்லாந் தெரியாதுங்க" என்றார். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பின்கதவுக் கண்ணாடி முழுசா எறங்குமா நர்சம்மா? வாந்தி எடுக்கோணுமல்லோ." மலையில் கார் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

மகள் தேவகுமாரி சேலம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். மைலேஜ், பிரேக், கிளட்ச், திரும்புகிற வட்டம், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி, உதிரி பாகம் கிடைக்கிறதா, மறு விற்பனை. பதினொரு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டிப் பார்த்தால் ஃபியட் மூன்று மார்க் முன்னால் இருந்தது. லாசர் அந்த நோட்டை வேதாகமம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

தெரசம்மாளும் வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள்.

"படுக்கறதுக்கு ஒரு கட்டம் போடலியா கண்ணு?"

தேவகுமாரி நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போனாள். ஃபியட்டின் பின் சீட்டு நாலடியும் கொஞ்சமும். அம்பாசிடர் நாலரை.

"அரை அடி கூட இல்லம்மா வித்தியாசம்."

"அரை அடிங்கறது ஒரு பாதம். அதை எங்க வெக்கச் சொல்றே?"

இப்படியே மூன்று வாரம் போனது. கடைசியில் தெரசம்மாள் ஒரு வழி சொன்னாள். அவள் படுத்துப் பார்த்தது போதும். இனி லாசர் படுக்கட்டும். தரகர் ஓட்டட்டும். அடிவாரத்திலிருந்து ஐந்து வளைவு ஏறி, ஐந்து வளைவு இறங்கட்டும். முதலில் ஃபியட்டில், பிறகு அம்பாசிடரில். அதற்கு அப்புறம் லாசர் எதைச் சொல்கிறாரோ அதுவே ஆகட்டும். அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

"நானா? படுக்கறதா? ரோட்டுல நாலு பேரு பாத்தா என்ன நெனப்பான்?"

"புள்ளத்தாச்சின்னு நெனப்பான். படுங்க."

மாதேஸ்வரன் சிரித்துக்கொண்டே இரண்டு வண்டியையும் அடிவாரத்துக்குக் கொண்டுவந்தான். ஆளும் வயிறுமாக லாசர் ஃபியட்டுக்குள் மடங்கிப் படுத்தார். தெரசம்மாள் முன் சீட்டில். முதல் வளைவில் அவர் தலை கதவில் இடித்தது. இரண்டாவதில் முழங்கால் முன் சீட்டில் இடித்தது. மூன்றாவதில், "மாதேசு, எந்திருச்சு உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார். நான்காவதிலும் கேட்டார். தெரசம்மாள் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அம்பாசிடரில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து வண்டி நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று கதவைத் திறந்தார்கள். கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார்.

"வளைவு வர்றதே தெரியல புள்ள" என்றார். "ஓட்டறவனுக்கு முன்னாடியே தெரியுது, ஒடம்பத் தயார் பண்ணிக்கறான். படுத்துக் கெடக்கறவளுக்கு மொகட்டத் தவிர ஒண்ணுந் தெரியல. திடீர்னு தூக்கிப் போடுது. இத்தன வருசமா எத்தன பேத்தைக் கொண்டாந்து எறக்கியிருக்கேன். ஒருத்திகூட என்கிட்டச் சொல்லலியே."

"உங்ககிட்ட எப்பிடிங்க சொல்லுவாங்க?" என்றாள் தெரசம்மாள். அவர் நெற்றியில் ஃபியட் கதவு இடித்த இடத்தை முந்தானையால் ஒற்றினாள்.

அம்பாசிடர்தான் வாங்கினார்கள். மங்கிய வெள்ளை. கூட்டுத்தொகை எட்டு. செங்கோடன் ஒரு மாதம் அந்த வண்டியில் ஏறவில்லை.

அந்த வருஷம் நவம்பர் முடிவதற்குள் அதில் ஏழு பெண்கள் சேலத்துக்கு இறங்கினார்கள். லாசர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சத்தமாகச் சொல்வார்: "பதினெட்டு. சோத்தாங்கைப் பக்கம் சாயும் சாமி." "பதினேழு. பீச்சாங்கைப் பக்கம்." படுத்திருக்கிறவள் சீட்டைப் பிடித்துக்கொள்வாள். டாக்சிக்கு வந்த சென்னைக்காரர்களிடமும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு அசடு வழிவார்.

டிசம்பரில் கலாவதிக்கு மாதம் நிறைந்தது. காப்பிப் பழம் பறிக்கிறவள். முதல் பிரசவத்தில் பிள்ளை பிறந்து இறந்தது. அதோடு நிற்காமல் ரத்தம் போய், அவள் பிழைத்ததே ஆண்டவன் செயல். இரண்டாவது சேலத்தில்தான், ரத்தம் ஏற்ற வசதி உள்ள இடத்தில்தான் என்று தெரசம்மாள் ஐந்தாம் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டாள். இரண்டு நாள் விட்டு விட்டு இடுப்பு வலி. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வலி விடாமல் பிடித்தது. புருஷனைப் பனி விலகிய பிறகு பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, கலாவதியைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். தெரசம்மாள் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். லீவுக்கு வந்திருந்த தேவகுமாரி முன்னால் ஏறினாள்.

மலை முழுக்கப் பனி. லாசர் மெதுவாக இறங்கினார். பனி ஒரு காரணம். படுத்திருக்கிறவளின் தலைக்கு எது எப்படித் தெரியும் என்று அவருக்கு இப்போது தெரியும். அது இன்னொரு காரணம். பள்ளத்தில் சக்கரம் இறங்காமல், வளைவில் உடம்பு உருளாமல், பால் குடத்தைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனார். தெரசம்மாளுக்கு அது பிடித்திருந்தது. "இப்பிடியே போங்க" என்றாள்.

இருபதிலிருந்து பதினான்கு வரை, இரண்டு வளைவுக்கு ஒரு வலி. போகலாம். பதிமூன்றில் ஒரு வலி. பன்னிரண்டில் ஒன்று. பதினொன்றில் ஒன்று.

"ஓரங்கட்டுங்க" என்றாள்.

லாசர் நிறுத்தினார். கதவைத் திறந்தாள். பெட்டியைத் திறந்து துணி விரித்தாள், கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள், கையை ஸ்பிரிட்டில் கழுவினாள். வழியில் உள்ளே கை வைத்துப் பார்ப்பதில்லை, கிருமி போகும். வளைவு சொன்னது போதும். வழியில் பிறக்கிற பிள்ளையை நிற்கிற வண்டியில்தான் எடுக்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கு அப்புறம் வருகிற ரத்தம்? அதற்கு அவளிடம் ஒரு ஊசியும், இரண்டு கையும், மாதாவும்தான். காத்திருந்தாள்.

பத்து நிமிஷம். இருபது. வலி வந்தது, போனது. பிள்ளை வரவில்லை. கலாவதி முக்கவும் இல்லை. லாசர் பனியில் ரோட்டோரம் நின்று, மேலிருந்து வருகிற லாரிக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அரை மணி ஆகப் போனது. தெரசம்மாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா எண்ணிக்கையா என்று தெரியவில்லை.

தேவகுமாரி முன் சீட்டிலிருந்து திரும்பினாள். மடியில் நோட்டு, கையில் வாட்ச். அவளுக்கு எதையும் குறித்து வைக்கிற புத்தி.

"அம்மா, நாலு நிமிசத்துக்கு ஒருக்காத்தான் வருது."

"வளைவுக்கு ஒண்ணு வந்துச்சு கண்ணு."

"ஒரு வளைவுக்கே நாலு நிமிசம் ஆச்சும்மா. அப்பா அவ்வளவு மெதுவா வந்தாரு. மேல வர்றப்ப எட்டு நிமிசம். பதிமூணுலருந்து நாலு. இப்பவும் நாலு."

தெரசம்மாள் மகளைப் பார்த்தாள். ஜீப் ஒரு வளைவை இரண்டு நிமிஷத்தில் கடக்கும். பத்தொன்பது வருஷமாக அவள் எண்ணியது வளைவை அல்ல, ஜீப்பின் ஓட்டத்தை. வண்டி மாறியது. ஓட்டுகிறவரின் மனசும் மாறியது. கணக்கை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை. இதே காரில் இதற்கு முன் இறங்கிய ஏழு பேருக்கும் வலி தொடக்கத்தில் இருந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை.

துணியைச் சுருட்டிப் பெட்டியில் போட்டாள். கதவைச் சாத்தினாள்.

"ஏனுங்க, ஏறுங்க. போலாம்."

"புள்ள?"

"சேலத்துலதான். சீக்கிரம் போங்க. ஆட்டினாலும் பரவால்ல."

லாசர் வண்டியைக் கிளப்பினார். பனி ஒன்பதாவது வளைவுக்குக் கீழே கலைந்தது. அதற்கப்புறம் ஜீப் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். வளைவை மட்டும் விடாமல் சொன்னார். ஒவ்வொரு வலிக்கும் தேவகுமாரி நிமிஷம் சொன்னாள். தெரசம்மாள் கலாவதியின் இடுப்பைத் தன் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் எண்ணாமல் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐம்பது நிமிஷத்தில் பெண் பிறந்தது. ரத்தம் போனது, பயந்த மாதிரியே. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். சாயங்காலம் நின்றது.

வாசலில் லாசர் பானெட்டில் சாய்ந்து நின்றிருந்தார். தெரசம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் தப்பா எண்ணிட்டேனுங்க. பதினொண்ணுல நிறுத்தியிருக்கக் கூடாது. இன்னும் ஒரு மணி நேரம் அங்கயே நின்னிருந்தா, அந்த ரத்தம் ரோட்டுலதான் போயிருக்கும்."

"நாந்தான் மெதுவா வந்துட்டேன்."

"நீங்க சரியாத்தான் வந்தீங்க."

"அப்பறம் என்ன, ரெண்டு பேருஞ் சரி" என்றார் லாசர். "டீ குடிக்கலாமா?"

"அவகிட்டச் சொல்லோணும்."

"அவளுக்கென்ன தெரியும்? எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

"அவ ஒடம்புங்க அது."

மறுநாள் காலை வார்டுக்குப் போனாள். கலாவதி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய பெண். தெரசம்மாள் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். பதினோராவது வளைவில் வண்டியை நிறுத்தியது, அரை மணி நேரம் சும்மா காக்க வைத்தது, எண்ணிக்கையில் தான் செய்த பிழை, நேரம் இன்னும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. ஒன்றையும் விடவில்லை. குறைத்தும் சொல்லவில்லை.

கலாவதி கேட்டு முடித்தாள்.

"அந்த அரை மணி நேரந்தானுங்க நர்சம்மா நான் கண்ணசந்தேன்" என்றாள். "ரெண்டு நாளா பொட்டுத் தூக்கமில்ல. வலிக்கும் வலிக்கும் நடுவுல வண்டி ஆடாம நின்னுதுங்களா, கால முக்காவாசி நீட்டிக்கிட்டு நொம்பச் சொகமாத் தூங்கிப்போட்டேன். மறுக்காக் கெளப்புனீங்க பாருங்க, அப்பத்தான் உங்க மேல எனக்குக் கோவமா வந்துச்சு."

தெரசம்மாள் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு தப்புதான் சாமி."

"சேரி, தப்புன்னே வெச்சுக்கலாம். அடுத்ததுக்கும் இப்பிடியே தப்பா எண்ணிப்போடுங்க."

"அடுத்ததா?" என்றாள் தெரசம்மாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, துணிச் சுருளை எடுத்து அவள் மார்போடு சேர்த்து வைத்தாள். "மொதல்ல இவளுக்குப் பால் குடு."